கியர் கேபிளும் சுடுகாட்டுப் பூவும்

நான் எதற்கும் பயப்படுகிறவன். கடைவீதியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், பாதி வழியில் திரும்பி வந்து கைப்பிரேக்கை இழுத்துப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தால்தான் கால் நகரும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு என் மனைவிக்குப் புற்றுநோய் வந்த காலத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே ஆச்சரியம். கடந்தாயிற்று. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் வெளியே பீலியில், மலைத்தண்ணீர் விழும் குழாயடியில், துணி அலசுகிறாள். துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு எழுத வரும்.

நாங்கள் இருப்பது ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற வீட்டில். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அவள் வேலை. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துபோனது. சிங்களமும் ஆட்டோ ஓட்டித்தான் பழகினேன். அவளுக்கு அது நாக்கோடு பிறந்தது. சந்தையில் அவள் மீன் விலை கேட்டால் தமிழ்ப்பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் அக்கா, புருஷன் போன பிறகு மலையிலிருந்து இறங்கி வந்து அடுத்த காம்பராவில் இருக்கிறாள். அக்காவுக்குச் சிங்களம் வராது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பால் வெட்டப் போகும்போது அவள் தலையில் ஒரு பழைய துவாயைச் சுற்றி, முனையைக் கழுத்துக்குப் பின்னால் செருகிக்கொள்வாள். அப்படிச் செருகும்போதுதான் ஒருநாள் கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

"ஏங்க, கழுத்துல நெறி கட்டியிருக்கு. பல்லு கில்லு வலிக்கப் போகுதோ என்னமோ."

பல் வலிக்கவில்லை. நெறியும் கரையவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டோம், மாத்திரை வாங்கிப் போட்டோம். அது புளியங்கொட்டை அளவிலிருந்து பாக்கு அளவுக்கு வந்தது. பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து அனுப்பினார்கள். பதில் வந்த அன்று, இது மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகைப் புற்றுநோய்தான் என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் என் காதுக்குள் போனது. மிச்சத்தை அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம், வாசலோரம் இருந்த செடிகளையெல்லாம் பிடுங்கியது. ரோஸ் நிறத்தில் ஐந்து இதழோடு பூக்கும் செடி. நித்தியகல்யாணி என்று அழகான பேர் அதற்கு உண்டு. ஆனால் எங்கள் லயத்தில் சுடுகாட்டுப் பூ என்றுதான் சொல்வோம். தோட்டத்துச் சுடுகாட்டில் யாரும் நடாமலே மண்டிக் கிடக்கும். சிங்களத்தில் அதற்கு மினீ மல் என்று பேர். மினீ என்றால் பிணம். இப்படிப் பேர் வைத்த பூவை வாசலில் வளரவிட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செடி என்னங்க பண்ணுச்சு உங்கள?"

"வாசல்ல வைக்கிற செடியா இது?"

"நான் எங்க வெச்சேன்? தானா மொளச்சது. கழுத்துல இருக்கதும் தானா மொளச்சதுதான். புடுங்கற கையோட இதையும் புடுங்கிருங்களேன்."

நான் வேரோடு பிடுங்கி, எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்து கை கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

சிகிச்சை கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பஸ்ஸில் இருமல் தும்மல்காரர்களோடு அவளை ஏற்றக் கூடாது என்று நானே ஆட்டோவில் கொண்டுபோனேன். துணைக்கு அக்கா வந்தாள். பெண்கள் வார்டில் நான் எல்லா நேரமும் நிற்க முடியாது.

அந்த வார்டில் ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். மாவனல்லைக்காரர், இருக்கு என்பதை ஈக்கி என்று சொன்னாலும் நம் தமிழில் பேசக்கூடியவர். முதல் நாளே அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊசி எவ்வளவு நேரம் ஏறும், ஏறும்போது வலிக்குமா, ஏறின பிறகு வாந்தி வருமா, வாந்தியோடு மருந்தும் வெளியே போய்விடுமா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். என் கேள்விகள் தொடங்கினால் அவள் அப்படித்தான் செய்வாள்.

"இந்த ஊசி உள்ள போயி என்ன பண்ணும் டொக்டர்?"

"கட்டியில ஈக்கிற கலங்கள் பெருகாம நிப்பாட்டும்."

"எப்பிடி நிப்பாட்டும்?"

டொக்டர் போகத் திரும்பியவர் நின்றார். "நீங்க என்ன தொழில் செய்றீங்க அண்ணன்?"

"ஆட்டோ ஓட்டுறேன்."

"அப்ப வெளங்கும்," என்று கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கம் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். "இது ஒரு கலம், செல்னு சொல்றது. ஒடம்பு முழுக்க இதுதான். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். புண் ஆறுறது, முடி வளர்றது எல்லாம் அப்பிடித்தான். இதுக்குள்ள நிறமூர்த்தம், குரோமோசோம்னு ஈக்கி, நூல்நூலா. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க."

அந்தப் பாடம் வருவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லாமல் தலையை ஆட்டினேன்.

"கலம் எப்பிடி நடக்கணும்னு எல்லாம் அந்த நூல்லதான் ஈக்கி. அதனால பிரியுறதுக்கு முந்தி ஒவ்வொரு நூலும் தன்னப் போல இன்னொண்ணு செஞ்சிக்கும். ரெண்டும் இடுப்புல ஒட்டிக்கிட்டு நிக்கும்." குறுக்கும் மறுக்குமாக நாலைந்து பெருக்கல் குறி போட்டார். "பொறகு எல்லாச் சோடியும் நடுவுல வந்து வரிசையா நிக்கும். கலத்துட ரெண்டு பக்கத்துலயிருந்தும் கயிறு வரும். இந்தப் பக்கத்துக் கயிறு சோடியில ஒண்ணப் பிடிக்கும், அந்தப் பக்கத்துக் கயிறு மத்ததப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் இழுத்தா ஒட்டு விட்டு..."

"கியர் கேபிள்!" என்றேன்.

"என்ன?"

"ஆட்டோவுல கியருக்கு ரெண்டு கேபிள் டொக்டர். ஒண்ணு இப்பிடி இழுக்கும், ஒண்ணு அப்பிடி இழுக்கும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் கியர் விழும்."

"அப்ப அதேதான்னு வெச்சுக்கங்களேன். சோடி பிரிஞ்சு, ஒண்ணு இங்க போகும், ஒண்ணு அங்க போகும். நடுவுல கலம் நசுங்கி ரெண்டாகும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி நூல், ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இந்த அக்காட கட்டியில ஈக்கிற கலங்களுக்கு எங்க நிப்பாட்டணும்னு தெரியாது. பிரிஞ்சு பிரிஞ்சு கெடக்குது."

"இந்த மருந்து கேபிள அறுத்துருமா?"

"அறுக்கிறதில்ல. அந்தக் கயிறு சின்னச் சின்னத் துண்டு சேந்து உண்டாகுறது. மருந்து போய் அதுகளச் சேர உடாது. கயிறு இல்லாட்டி இழுக்க ஏலாது, இழுக்காட்டி பிரிய ஏலாது."

இது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதும் பயம் வந்தது. நல்ல கலங்களிலும் இதே கேபிள்தானே இருக்கும்?

இருக்கும்தான் என்றார். முடி வேகமாக வளர்கிற இடத்திலும் அந்த மருந்து கைவைக்கும், அதனால் முடி கொட்டும். மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். கட்டிதான் அவசரமாகப் பிரிகிறது, ஆகவே அடியும் அதற்குத்தான் அதிகம்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வேறொரு பயம் தொடங்கிவிட்டது. உடம்பு முழுக்க, நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிற இந்த நிமிஷத்தில்கூட, எத்தனை ஆயிரம் இடத்தில் இந்தக் கேபிள்கள் இழுத்துக்கொண்டிருக்கும்! எங்காவது ஒன்று சரியாக மாட்டாமல் இழுத்துவிட்டால்?

"அதுக்கும் காவல் ஈக்கி," என்றார் டொக்டர். "ஒரே ஒரு சோடி ரெண்டு பக்கமும் மாட்டலன்னாலும் கலம் இழுக்காது. மாட்டியாச்சா, மாட்டியாச்சான்னு பாத்துக்கிட்டே நிக்கும்."

கட்டிலிலிருந்து அவள் கண்ணைத் திறந்தாள். "இவரு மாதிரியே இருக்கு டொக்டர். பூட்டியாச்சா பூட்டியாச்சான்னு பூட்டப் புடிச்சு ஆட்டிக்கிட்டே நிப்பாரு. பஸ்ஸு போயிரும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சிரித்தார். டொக்டரும் சிரித்துவிட்டார்.

"சிரிக்க வேணாம் அக்கா. அந்தப் பயந்தான் ஒங்களக் காப்பாத்தப் போகுது. கயிறே இல்லாத கலம், மாட்டும் மாட்டும்னு காத்துக்கிட்டு நிக்கும். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. நின்டு நின்டே செத்துப் போகும்."

நான் அந்த அட்டையைப் பார்த்தேன். நடுவில் வரிசையாக நிற்கிற பெருக்கல் குறிகள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குணத்தை ஒருவர் நல்லவிதமாகச் சொன்னது போல இருந்தது.

"இதையெல்லாம் எந்த ஊருல செய்றாங்க டொக்டர், இந்த மருந்த?"

"எங்கயோ செய்றாங்க. ஆனா முதல்ல கெடச்சது ஒரு செடியில இருந்து. எங்கட ஊட்டு மதிலோரமும் ஈக்கி. ரோஸ் பூ, அஞ்சு இதழ். சிங்களத்துல மினீ மல்னு..."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "டொக்டர்! இவரு அதையெல்லாம் வேரோட புடுங்கிப் பள்ளத்துல வீசிட்டாரு!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் இருமல் வந்து, நர்ஸ் மிஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பி, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அந்தச் செடிய ஊட்டுல அவிச்சுக் கிவிச்சுக் குடிச்சிடக் கூடாது. ஊசியில ஈக்கிறது ஆள எடை பாத்து, ஒசரம் பாத்து அளந்து வெச்சது. செடியில எவ்வளவு ஈக்கி, வேற என்னென்ன ஈக்கின்னு யாருக்கும் சொல்ல ஏலாது. அளவு மிஞ்சினா நல்ல கலமும் நின்டு போகும். ரத்தம் ஊறுறதே நின்டு போகும்."

அந்த நேரம் அக்கா சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஆகவே வீட்டுக்கு வந்த பிறகு முழுக்க அவளிடம் ஒப்பித்தேன். கேபிள், சோடி, காவல், பூ. பூ என்று கேட்டதும் அவள் வாயில் கைவைத்தாள். "அட, சுடுகாட்டுப் பூவா? பாரேன் தம்பி!" அதற்கு அப்புறம் நான் சொன்ன எச்சரிக்கை, அக்கா அடுப்பில் சோறு பார்க்க எழுந்து போனபோது அவள் முதுகுக்குத்தான் சொன்னது. கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செடிகள் மறுபடி முளைத்தன. விதை கொட்டியிருந்திருக்கும். நான் தொடவில்லை. உண்மையைச் சொன்னால், காலையில் முகம் கழுவுகிற தண்ணீரை அந்தப் பக்கமாக ஊற்றினேன்.

ஊசி ஏற ஏற அவளுக்கு முடி கொட்டியது. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. துவாய் எப்படியும் கட்டத்தானே போகிறோம் என்றாள். அவளை வருத்தியது விரல் நுனிதான். மரத்துப் போனது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. தீக்குச்சி பிடித்தால் நழுவியது. டொக்டரிடம் கேட்டோம். கலத்துக்குள் இருக்கிற அதே மாதிரிக் கயிறுகள் நரம்புக்குள்ளும் உண்டாம். நரம்பு அதில்தான் சாமான் ஏற்றி அனுப்புமாம். நீளமான நரம்பின் கோடி விரல்நுனி என்பதால் முதலில் அங்கேதான் தட்டுப்பாடு வருமாம். மெதுவாகச் சரியாகும் என்றார். எவ்வளவு மெதுவாக என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல ஏலாது என்றார்.

"கத்தி பட்டைக்குள்ள எவ்வளவு போச்சுன்னு கண்ணா சொல்லுது? கை சொல்லணும்," என்று அவள் அன்றைக்கு வீட்டில் சொன்னாள். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. நகத்தின் கனம்கூட இல்லாத அந்த இடைவெளி அவள் விரலில்தான் இருந்தது. அப்போது மட்டும்தான் அவள் அழுது பார்த்தேன்.

இப்படியே பாதிச் சிகிச்சை முடிந்து, அடுத்த ஊசிக்குப் புறப்பட்ட ஒரு காலையில்தான் அது நடந்தது.

ஆட்டோவை லயத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, டயரை மிதித்துப் பார்த்து, பெட்ரோல் பார்த்து, அவளை ஏற்றினேன். அக்கா ஒரு சோடாப் போத்தலோடு வந்தாள். உள்ளே கறுத்த பச்சையாகத் தண்ணீர்.

"என்னக்கா அது?"

"கசாயம். வழியில குடிக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன். காலையில குடுக்க நேரமில்ல."

"என்ன கசாயம்?"

"என்னா, தெரியாத மாதிரி கேக்குற? நீ சொன்ன பூதான். எலையும் பூவுமாப் போட்டு நல்லாச் சுண்டவெச்சு, கொஞ்ச நாளா காலையில ஒரு தம்ளர் குடுத்துக்கிட்டுத்தானே வர்றேன். ஊசியில ஒரு சொட்டுப் போனதுக்கே கட்டி கரையுதுன்னா, இது எவ்வளவு பண்ணும்!"

போத்தலைப் பிடுங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கசப்பு மூக்கிலேயே ஏறியது. அக்காவை என்ன சொல்வது? புருஷனைச் சாகக் கொடுத்தவள். இவள் படுத்த நாளிலிருந்து சமையல், துணி, கஞ்சி, வாந்தி அள்ளுவது எல்லாம் அவள்தான். முகம் அப்படியே மலர்ந்திருந்தது, கூட ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

என் மனைவி பக்கம் திரும்பினேன். "நீ இதக் குடிச்சியா?"

அவள் அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வண்டிய எடுங்க. நேரமாச்சு."

"குடிச்சியா இல்லியா?"

"அண்ணி குடுத்தா குடிக்காம என்ன பண்ணுவாங்க? எடுங்கன்னா."

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். முன்னால் நான், பின்னால் அவர்கள் இரண்டு பேரும். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். உதடு வெளுத்திருக்கிறதா? கண் மஞ்சளா? ரத்தம் ஊறுவது நின்றுபோனால் முதலில் எங்கே தெரியும்? சோடிசோடியாக நடுவில் வந்து நின்று, கயிறு வரும் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற நல்ல கலங்களை நினைத்தேன். என்னால்தானே இது வந்தது என்றும் நினைத்தேன். கேபிள் கதையை என் வாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே.

"கை நடுங்குதா? தலை சுத்துதா?" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கத்தினால்தான் பின்னால் கேட்கும்.

"உங்க கைதாங்க நடுங்குது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க. லொறி வருது!"

அவிசாவளையில் ஒரு கடையில் நிறுத்தினேன். அவளைத் தனியாகக் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். அக்கா அவள் கையை விடவில்லை, படி இறங்கக்கூட விடவில்லை. "மெதுவா, மெதுவா," என்று பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். என் மனைவி நிதானமாக ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றாள். எனக்கு ஒரு வாய் தேநீர்கூட இறங்கவில்லை. இவ்வளவு நடந்தும் இவள் எப்படித் தின்கிறாள் என்று கோபம்கூட வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுப்பார்கள். அதன் கணக்கு வந்த பிறகுதான் ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு. ரிப்போர்ட் வருவதற்குள் நான் அந்த நடையில் எத்தனை தடவை நடந்தேனோ. டொக்டர் கண்ணில் பட்டதும் ஓடினேன்.

"டொக்டர், தப்பாப் போச்சு. அந்தச் செடிய அவிச்சுக் குடுத்திருக்காங்க. அளவு தெரியாம. கொஞ்ச நாளா."

அவர் முகம் மாறியது. அந்த முகம் மாறி நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தபடியே நேராகக் கட்டிலுக்குப் போனார். அக்கா எழுந்து நின்று கும்பிட்டாள்.

"அக்கா, நீங்க அதக் குடிச்சீங்களா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

அவள் அக்காவின் பக்கம் பார்க்கவே இல்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்து, வானிலை பேசுகிற குரலில், சிங்களத்தில் சொன்னாள்.

"மம பிவ்வே நே டொக்டர். ஒக்கொம கெசெல் கஹட்ட தெம்மா."

நான் குடிக்கவே இல்லை டொக்டர், எல்லாவற்றையும் வாழைமரத்துக்கு ஊற்றிவிட்டேன்.

லயத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு வாழை நிற்கிறது. காலையில் வாய் கொப்புளிக்க அவள் தம்ளரும் கையுமாக அந்தப் பக்கம் போவதை நானே பார்த்திருக்கிறேன். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது; இந்தக் காம்பராவில் மெதுவாகப் பேசினாலும் அந்தக் காம்பராவில் கேட்கும். அதனால்தான் என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். இந்த டொக்டர் குடிக்கக் கூடாது என்று சொன்னபோது நான் மட்டுமா கேட்டேன்? கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

டொக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஹொந்தாய்," என்றார், நல்லது என்று. பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னார். "பெரியக்கா, ஒங்கட மனசு வெளங்குது. ஆனா இனி அந்தச் செடி வேணாம். ஊசியிலயே போதியளவு ஈக்கி. கூடினா நல்லதும் நின்டு போகும்."

"நிறுத்திடுறேங்க டொக்டர்," என்றாள் அக்கா, ஒன்றும் புரியாத முகத்தோடு.

ரத்தக் கணக்கு நன்றாக இருந்தது. ஊசி ஏறியது. நான் வெளியே போய், காலையில் இறங்காத தேநீரை ஆஸ்பத்திரிக் கடையில் இரண்டு கோப்பை குடித்தேன். திரும்பி வரும் வழியில் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தி, அந்தப் போத்தலை என்ன செய்வது என்று யோசித்தேன். ஆற்றில் ஊற்றினால் மீனுக்கு ஏதாவது ஆகுமோ என்று தோன்றியது. வீட்டுக்கே கொண்டுவந்து குழி தோண்டிப் புதைத்தேன்.

"வாழமரமே குடிச்சுப் பொழச்சிருக்கு. மீனு செத்தாப் போயிரும்?" என்று அவள் என் காதருகே சொன்னாள், அக்கா தூங்கிய பிறகு.

சிகிச்சை முடிந்து கடைசி ஸ்கேன் எடுத்தபோது கழுத்திலும் இல்லை, வேறெங்கும் இல்லை. டொக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததுதான் நல்ல செய்தி என்றார். இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் போவதற்கு முந்தின வாரம் எனக்குத் தூக்கம் இருக்காது. அது இனி அப்படித்தான். ஆனால் திரும்பி வரும்போது வண்டி லேசாக இருக்கும். மேட்டில்கூடக் கியர் மாற்றாமல் ஏறுகிற மாதிரி இருக்கும்.

முடி திரும்ப வந்தது, முன்னைவிடச் சுருட்டையாக. லயத்தில் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்தி, மேல் லயத்துக் கங்காணியின் பெண்சாதி, போன மாதம் பீலியடியில் அக்காவைப் பிடித்தாள். நான் அப்போது ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவளுக்கு அந்தச் சுடுகாட்டுப் பூவ அவிச்சுக் குடுத்துத்தான் சரியாச்சாமே? எனக்கு ரத்தத்துல சீனி வருத்தம் ஏறிக்கிட்டே போகுது. எப்பிடி அவிக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

இது நடக்கும் என்று எத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்! அக்கா சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பாள். அந்த அம்மா குடிப்பாள். தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அக்கா அவ்வளவு பாடுபட்டு அவித்ததெல்லாம் வாழைமரத்துக்குப் போனது என்று லயத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவளும் துணியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தாள்.

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள், "ஐயய்யோ, அதத் தொடாத. வெஷம். இவ எங்க குடிச்சா? எல்லாத்தையும் வாழமரத்துக்கு ஊத்திட்டா."

"அண்ணி..." என்றாள் அவள்.

"என்ன அண்ணி? எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த வார்ட்டுல அந்த மிஸ்மாருக வாயத் தொறந்தா அதுதானே கேப்பாளுக. பேத் பிவ்வாத, வத்துர பிவ்வாதன்னு. மருந்து குடிச்சியா, தண்ணி குடிச்சியான்னு. மாசக்கணக்குல கேட்டுக்கிட்டே கெடந்தா கழுதைக்குக்கூட 'பிவ்வே நே'ன்னா வெளங்கும். கெசெல்னா என்னன்னு கடைக்காரன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"ஏன் அண்ணி சொல்லவே இல்ல?"

"சொல்லி என்ன? நீ பொழச்சிக்கிட்ட. வாழைக்கும் ஒண்ணும் ஆகல." அக்கா கங்காணி பெண்சாதியின் பக்கம் திரும்பினாள். "நீ போயி கிளினிக்குல காட்டு. இந்தா, என் தம்பி ஆட்டோ நிக்குது. ஆனா அவன் பின்னாடி உக்காந்தா காதப் பொத்திக்க. கேபிள் கதை சொல்ல ஆரம்பிச்சான்னா ஊரு வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டான்."

மூன்று பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது. முதலில் மூச்சுத்தான் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது துணி அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் வலது கையைப் பீலிக்கு அடியில் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. தண்ணி நுனியில சில்லுன்னு இருக்கு. நேத்து வரைக்கும் தெரியல. இங்க வாங்களேன்."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், நானும் அந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.